அட்வான்ஸ் கொடுக்கும் முன் வில்லங்கம்: வாடகைக்காரருக்குப் பதிவுத்துறை இணையதளம் எவ்வளவு உதவும்?

வில்லங்கம் பார்ப்பது, அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான விற்பனை, கடன் விவரங்களைப் பார்ப்பது, வீடு வாங்குகிறவர் வேலை, வாடகைக்குப் போகிறவருக்கு அது எதற்கு என்ற நினைப்பு வடசென்னையில் ஊறிப்போயிருக்கிறது. பழைய வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் ஓனர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாதம் 12,000 ரூபாய் வாடகை என்றால் அட்வான்ஸே 1,20,000. மொத்தமாக ஒரு தொகை கொடுத்து மாத வாடகை இல்லாமல் குடியிருக்கும் லீசு என்றால் ஐந்து, ஆறு, எட்டு லட்சம். இவ்வளவு பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான் வீட்டுக்குச் சொந்தக்காரரா என்று பார்க்க, காசில்லாமல் ஒரு வழி இருக்கிறது: பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் இணையதளம். அதை வாடகைக்காரரின் கண்ணோடு பார்த்தால் எது தேறும், எது தேறாது என்பதைத்தான் இங்கே எடைபோடுகிறோம். கூடவே பயன்படும் மற்ற இணையதளங்களையும், வீடு தேடித்தரும் ஆட்களையும் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவற்றைச் சேர்க்காமல் இந்தத் தளம் மட்டும் யாரையும் காப்பாற்றாது.

முதலில் பயன்படுத்தும் முறை. மின்னணு சேவைகள் என்ற பகுதியில் வில்லங்கச் சான்று இருக்கும். இரண்டு விதமாகத் தேடலாம். ஒன்று, சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண், தேதி கொடுத்துத் தேடுவது. இன்னொன்று, ஆவண எண்ணையும் ஆண்டையும் கொடுத்துத் தேடுவது. வாடகைக்காரருக்கு இரண்டாவதுதான் சுலபம். சர்வே எண் வேண்டும் என்றால் பத்திரத்தின் சொத்து விவரப் பக்கமோ பட்டாவோ கையில் வேண்டும். அதை ஓனர்கள் லேசில் தரமாட்டார்கள். கதவு எண்ணும் தெருப்பெயரும் மட்டும் வைத்துக்கொண்டு முதல் வழியில் போனால் பாதியிலேயே முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அதனால் ஓனரிடம் பத்திர நகல் கேட்டு மனஸ்தாபம் வளர்க்காதீர்கள். "சார், பத்திர எண், வருஷம், எந்த ரிஜிஸ்டர் ஆபீஸ், இந்த மூணு மட்டும் சொல்லுங்க" என்று கேளுங்கள். உண்மையான ஓனருக்கு இதைச் சொல்வதால் எந்த நஷ்டமும் இல்லை. அந்த எண்ணை வைத்து யாரும் வீட்டை எழுதி வாங்கிவிட முடியாது. ராயபுரம், திருவொற்றியூர், செம்பியம், மாதவரம் என்று வடக்கே அலுவலகங்கள் பிரிந்து கிடக்கின்றன. தெரு எந்த அலுவலகத்தில் சேரும் என்று ஓனருக்கே குழப்பம் வரும். பத்திரத்தில் குத்தியிருக்கும் அலுவலக முத்திரையைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் போதும். இந்த மூன்றையும் சொல்லத் தயங்கி, "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா, அட்வான்ஸை போடுங்க, ஆளுங்க க்யூல நிக்கிறாங்க" என்று அவசரப்படுத்தினால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். ஏமாற்றுகிறவரிடம் இருக்கும் ஒரே ஆயுதம் அவசரம்தான்.

ஆவண எண்ணைப் போட்டதும் எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், ஆவணத்தின் தன்மை, சொத்து விவரம், சர்வே எண் எல்லாம் வரும். இப்போது சர்வே எண் உங்கள் கையில். அதை வைத்து முதல் வழியில் மறுபடி தேடுங்கள். ஓனர் வாங்கிய தேதிக்கு முந்தைய நாளிலிருந்து இன்று வரை தேதி கொடுங்கள். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கடைசி ஐந்து வருடம் மட்டும் போட்டுப் பார்த்து, பதிவு எதுவும் இல்லை என்று வந்ததும் வீடு சுத்தம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஓனர் பதினைந்து வருடம் முன்பு வாங்கியிருந்தால் அந்த ஐந்து வருடத்தில் அவர் பெயரே வராது. வெறும் தாள் யாருக்கும் சொந்தத்தை நிரூபிப்பதில்லை. சார்பதிவாளர் அலுவலக எல்லைகள் இடையில் மாறியிருந்தால் பழைய பதிவுகள் தாய் அலுவலகத்தில் கிடக்கும்; அப்போது இரண்டு அலுவலகத்திலும் தேட வேண்டும்.

வந்த பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படிப்பது நல்லது. கடைசியாக உரிமை மாறிய பதிவு எது? கிரயமா, செட்டில்மெண்டா, பாகப்பிரிவினையா, விடுதலையா? அதில் எழுதி வாங்கியவர் பெயர்தான் ஓனர் பெயர். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி மாதிரி நெருக்கமான இடங்களில் ஒரே சர்வே எண்ணில் பல வீடுகள் இருக்கும். அடுக்குமாடி என்றால் எல்லா பிளாட்டின் பதிவும் ஒன்றாகவே வந்து குவியும். கதவு எண், நான்கெல்லை, பிரிபடாத பாகத்தின் (மனையில் அந்த பிளாட்டுக்கு உரிய பங்கின்) அளவு மூன்றையும் ஒத்துப்பார்த்துத்தான் உங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தத் தளத்தில் வாடகைக்காரரை அதிகம் சோதிக்கும் இடம் இதுதான். அரை மணி நேரம் பொறுமை வேண்டும்.

கடன் பதிவைப் பார்த்ததும் பயந்துவிட வேண்டாம். வங்கிக்கு உரிமை ஆவணம் ஒப்படைத்த பதிவு இருந்து, பின்னால் கடன் தீர்ந்ததற்கான ரசீதுப் பதிவு இல்லை என்றால் கடன் இன்னும் ஓடுகிறது என்று பொருள். மாத வாடகைக்கு மூன்று மாத அட்வான்ஸ் கொடுத்துப் போகிறவருக்கு அது பெரிய தடை இல்லை. கடன் தவணை நின்றுபோன வீடுதான் ஆபத்து. 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி வங்கி வீட்டை எடுக்கும்போது கதவில் அறிவிப்பு ஒட்ட வேண்டும், இரண்டு நாளிதழில் வெளியிட வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். கதவிலோ சுவரிலோ தாள் கிழித்த பசைத்தடம் இருக்கிறதா என்று பாருங்கள். தனியாருக்கு அடமானம், அதற்கு மேல் இன்னொரு அடமானம், நீதிமன்றப் பற்றுகை (ஜப்தி) என்று வரிசையாக இருந்தால் அந்த வீட்டுக்கு லீசு வேண்டவே வேண்டாம்.

லீசு விஷயத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். வாடகைக்காரர் இழக்கும் பெரிய தொகை பெரும்பாலும் இங்கேதான் போகிறது.

லீசு என்பது, உள்ளபடி பார்த்தால், ஓனர் உங்களிடம் வாங்கும் கடன். வாடகை இல்லாமல் நீங்கள் குடியிருப்பது அதற்கு வட்டி. கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 12,000 வாடகை போகும் வீட்டை 8 லட்சத்துக்கு லீசு விட்டால் ஓனர் வருடத்துக்கு 1,44,000 வாடகையை விட்டுக்கொடுக்கிறார். அது 18 சதவீத வட்டி. 6 லட்சத்துக்கு விட்டால் 24 சதவீதம். 3 லட்சத்துக்கு என்றால் 48 சதவீதம். சொந்த வீட்டை வைத்துக்கொண்டு வங்கிக்குப் போகாமல் இவ்வளவு வட்டிக்கு ஒருவர் பணம் வாங்குகிறார் என்றால், ஒன்று அவருக்கு வங்கிக் கடன் கிடைக்கவில்லை, அல்லது பேசுகிறவர் ஓனரே இல்லை. லீசுத் தொகை குறையக் குறைய சந்தேகம் ஏற வேண்டும். நம் மக்கள் பலரும் அங்கேதான் சந்தோஷப்படுகிறார்கள்.

இடைத்தரகர் நடத்தும் லீசு மோசடி இப்படித்தான் நடக்கும். ஒரு ஆளோ ஒரு நிறுவனமோ ஓனரிடம் போய், மாதம் 12,000 வாடகை, 36,000 அட்வான்ஸ், பதினொரு மாத ஒப்பந்தம் என்று வீட்டை எடுக்கும். வீட்டை நாங்களே பராமரிக்கிறோம், குடித்தனம் நாங்களே வைக்கிறோம் என்று சொல்லும்; ஓனருக்கும் தலைவலி விட்டது. அதே வீட்டை உங்களுக்கு 6 லட்சத்துக்கு லீசு கொடுக்கும். உங்கள் பணத்திலிருந்தே எட்டு மாதம் ஓனருக்கு வாடகை போகும்: 96,000. அட்வான்ஸையும் சேர்த்தால் 1,32,000. மீதி 4,68,000 அவர்கள் கையில். இப்படி இருபது வீடு என்றால் 93,60,000. ஒன்பதாவது மாதம் வாடகை நிற்கும், ஆபீஸ் பூட்டியிருக்கும், ஓனர் வந்து கதவைத் தட்டுவார். ஓனர் உங்களை ஏமாற்றவில்லை. அவருக்கும் வாடகை வரவில்லை. ஆனால் உங்களிடம் இருக்கும் தாளில் அவர் கையெழுத்தே இருக்காது. ஓனரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாத உள்வாடகை சட்டத்தில் நிற்காது.

இந்த மோசடியைப் பதிவுத்துறைத் தளம் நன்றாகவே பிடிக்கும். வில்லங்கத்தில் வரும் பெயர் ஒன்று, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் பெயர் வேறு என்பது பளிச்சென்று தெரியும். தெரிந்த பிறகு "ஓனர் ஃபாரின்ல இருக்காரு, பவர் எங்ககிட்ட" என்பார்கள். பவர் பத்திரத்தின் எண்ணைக் கேளுங்கள். லீசு விடவும் பணம் வாங்கவும் அதில் அதிகாரம் கொடுத்திருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். ஓனரிடம் வீடியோ காலில் பேசுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் பணம் ஓனரின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும், பவர் வைத்திருப்பவர் கணக்குக்கு அல்ல. ரொக்கம் கூடவே கூடாது. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, அபராதம் வாங்கியவருக்கு. "பாதி கேஷா குடுங்க" என்று கேட்பவரிடம் இதை நேரடியாகச் சொல்லலாம்.

பெரிய தொகை என்றால் பத்திரம் பதிவாக வேண்டும். போக்கியமாக (வட்டிக்குப் பதில் வீட்டில் குடியிருக்கும் அடமானமாக) பதிந்தால் அது வில்லங்கத்தில் ஏறும். அதற்குப் பிறகு ஓனர் வீட்டை விற்றாலும் அடகு வைத்தாலும் உங்கள் பதிவு முன்னால் நிற்கும். முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சி போட்ட லீசு அக்ரிமெண்ட் எந்தத் தேடலிலும் வராது. ஒரே வீட்டை இரண்டு மூன்று பேருக்கு லீசு போடுவது இந்த ஓட்டையில்தான். பதிவுச் செலவு யாருடையது என்று ஓனரோடு பேசி ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்டாலும் லாபம் உங்களுக்குத்தான்.

இனி தளத்தின் கண்ணுக்குத் தெரியாத விஷயங்கள். ஓனர் இறந்து, பிள்ளைகள் பத்திரம் எதுவும் போடாமல் இருந்தால் வில்லங்கம் அப்பா பெயரிலேயே நிற்கும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டையின் பழைய ஸ்டோர் வீடுகளில் இது சகஜம். ஒரு அண்ணன் அட்வான்ஸ் வாங்குவார், இன்னொரு தம்பி வந்து "நானும் பங்காளி, வாடகை எனக்கும் வரணும்" என்று நிற்பார். அப்படிப்பட்ட வீட்டில் வாரிசுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். அதில் இருக்கும் எல்லோரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும்.

இன்னொரு வகை, தனியார் பத்திரமே இல்லாத வீடு. முன்பு குடிசை மாற்று வாரியம் என்றிருந்து 2021இல் பெயர் மாறிய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடிகள் வடசென்னை முழுக்க உண்டு. ஒதுக்கீடு பெற்றவர் குடியிருக்கத்தான் அந்த வீடு, வாடகைக்கு விட அல்ல. வாரியம் ஆய்வுக்கு வந்தால் நீங்கள்தான் வெளியே. ரயில்வே, துறைமுகக் குவார்ட்டர்ஸை உள்வாடகைக்கு விடுவதும் இதே கதை. கோயில் மனையில் கட்டிய வீடுகளில் கட்டடம் ஒருவருடையது, மனை கோயிலுடையது. மனை வாடகை பாக்கி இருந்தால் அறநிலையத்துறை நடவடிக்கை எடுக்கும், அதன் சூடு குடித்தனக்காரருக்கும் வரும். கோயில் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். இந்த வீடுகளிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள், வாடகையும் குறைவு. மாத வாடகைக்கு, குறைந்த அட்வான்ஸில், தெரிந்தே போகலாம். லீசுக்குப் போகாதீர்கள்.

தண்ணீர் நின்ற வீட்டையும் எந்தத் தளமும் சொல்லாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலி புதுநகர் எல்லாம் நீரில் நின்றன. புதுப் பெயிண்ட் அடித்து மறைத்திருந்தாலும் இரும்புக் கிரில்லின் கீழ்ப்பகுதித் துருவும், மரக்கதவின் அடியில் உப்பலும் காட்டிக்கொடுத்துவிடும். மீட்டர் போர்டை உயரத்துக்கு மாற்றியிருந்தால் ஏன் என்று எதிர்வீட்டில் கேளுங்கள்.

வில்லங்கத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இரண்டு: மாநகராட்சியின் சொத்து வரித் தளம், ஈபி பில். சொத்து வரி ரசீதில் மண்டலம், வார்டு, பில் எண் இருக்கும். திருவொற்றியூர் 1ஆம் மண்டலம், மணலி 2, மாதவரம் 3, தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5, திரு.வி.க. நகர் 6. ரசீதில் மண்டல எண்ணே தப்பாக இருந்தால் அது வேறு வீட்டு ரசீது. சொத்து வரி சொந்தத்துக்குச் சான்று அல்ல. ஆனால் வில்லங்கம், சொத்து வரி, ஆதார், வங்கிக் கணக்கு நான்கிலும் ஒரே பெயர் வந்தால் ஏமாற இடம் மிகக் குறைவு. ஆதார் நகலில் இருக்கும் க்யூஆர் கோடை எம்ஆதார் செயலியில் ஸ்கேன் செய்தால் பெயரும் படமும் உண்மையா என்று தெரிந்துவிடும். காலி செய்யப்போகிற பழைய குடித்தனக்காரரே ஓனர் போல நடித்து, சாவியைக் காட்டி, நாலு பேரிடம் டோக்கன் வாங்கும் மோசடி இந்த நான்கு பெயர் ஒப்பீட்டில் சிக்கிவிடும்.

வீடு தேடும் வழிகளில் நம் மதிப்பில் முதலிடம் இன்னும் டு-லெட் போர்டுக்குத்தான். போர்டு தொங்கும் வீட்டுக்குப் பக்கத்து வீடு இருக்கிறது, கீழே இஸ்திரி வண்டி இருக்கிறது, முனையில் மளிகைக்கடை இருக்கிறது; ஓனர் யார், குணம் எப்படி, போன குடித்தனம் ஏன் போனது, எல்லாம் பத்து நிமிடத்தில் கிடைக்கும். அடுத்தது அதே ஏரியாவில் பல வருடமாக உட்கார்ந்திருக்கும் புரோக்கர். ஒரு மாத வாடகை கமிஷன் கொடுப்பது நியாயமே. ஆனால் சாவி கைக்கு வந்த பிறகு கொடுங்கள், அட்வான்ஸை அவர் கையில் கொடுக்காதீர்கள். வீடு காட்டவே முன்பணம் கேட்கிறவர் புரோக்கர் அல்ல.

ஆப்களிலும் ஃபேஸ்புக் குழுக்களிலும் வரும் விளம்பரங்கள் கடைசி. அங்கே உண்மையான ஓனர்களும் இருக்கிறார்கள், ஆனால் சரிபார்க்கும் பாரம் முழுக்க உங்கள் தலையில். பெரம்பூரில் இரண்டு பெட்ரூம், பளிங்குத் தரை, பாதி வாடகை என்று படம் வந்தால் கூகுள் லென்ஸில் அந்தப் படத்தைத் தேடுங்கள். பல நேரம் வேறு ஊர் வீட்டில் போய் நிற்கும். ராணுவத்தில், சிஐஎஸ்எஃப்பில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது, வீட்டைப் பார்க்க கேட் பாஸுக்குப் பணம் கட்டுங்கள், திருப்பித் தருவோம் என்பது நாடு முழுக்க ஓடும் பழைய மோசடி. சீருடைப் படமும் அடையாள அட்டையும் அனுப்புவார்கள். அவை யாரிடமிருந்தோ திருடியவை. பணம் திருப்பித் தர க்யூஆர் கோடு அனுப்பி பின் நம்பர் போடச் சொல்வார்கள். யுபிஐயில் பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் போகும். வீட்டை வாடகைக்கு விடுகிற ஓனர்களிடமும் இதே ஆட்கள் குடித்தனக்காரராகப் பேசி இதே க்யூஆரை அனுப்புகிறார்கள்.

பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். பரிவர்த்தனையின் யுடிஆர் எண், நேரம், தொகை, போன கணக்கு அல்லது யுபிஐ ஐடி கையில் இருக்கட்டும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்பு அதிகம். மறுநாள் காலை போலீஸ் ஸ்டேஷன் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

கடைசியாக, வாடகை ஒப்பந்தத்தைப் பதியும் அரசுத் தளமான டெனன்சி டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 2017ஆம் ஆண்டு நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் பொறுப்புகள் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதிந்தால் ஒரு பதிவு எண் கிடைக்கும். வேறாக ஒப்புக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. அந்த "வேறாக ஒப்புக்கொள்ளாத வரை" என்ற வார்த்தையில்தான் பத்து மாத அட்வான்ஸ் உயிரோடு இருக்கிறது. ஆகவே ஒப்பந்தத்தில் எழுதும் எண்ணிக்கை முக்கியம். பதிவு செய்ய மறுக்கும் ஓனர்கள் வரி வந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள். எல்லோரும் மோசடிக்காரர்கள் அல்ல. ஆனால் பிரச்சினை வந்தால் பதியாத ஒப்பந்தத்தோடு வாடகை நீதிமன்றத்தில் நிற்பது உங்களுக்குத்தான் கஷ்டம்.

காலி செய்யும்போது அட்வான்ஸில் பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே எழுதாத சட்டமாகிவிட்டது. ஆனால் மேலே சொன்ன 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதையும் ஓனர் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட் போன்ற சில்லறைப் பழுதுகள் குடித்தனக்காரருடையவை. ஒப்பந்தத்தில் பெயிண்டிங் பிடித்தம் என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்திடும் முன் அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். ஈபிக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் கணக்கு வைத்தால், தனி சர்வீஸா சப் மீட்டரா என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். சப் மீட்டரில் அந்தச் சலுகை யாருக்குப் போகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சாவி வாங்கும் நாளில் மீட்டர் ரீடிங், சுவர் விரிசல், குழாய்க் கசிவு எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து ஓனரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் அன்று அதே படங்களை இருவரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.